பென் ஹெல்ஃப்காட் சலுகை கேட்கவில்லையாம்!

தம்பியைப் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றில் சேர்க்கப் போயிருந்தேன். பணம் கட்டி ரசீது வாங்குவதற்குள், "இன்றைக்குத் தன்னம்பிக்கை உரை இருக்கிறது, கூட வந்தவர்களும் உட்காருங்கள்" என்று அரங்கத்துக்குள் அனுப்பிவிட்டார்கள். முந்நூறு பிள்ளைகள் இருப்பார்கள். பக்கத்தில் இருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்ததில், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள்தான் அதிகம் என்று தெரிந்தது.

பேச்சாளர் திரையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டார். கட்டான உடம்பு, தலைக்கு மேல் இரும்புத் தண்டு. "இவர் பென் ஹெல்ஃப்காட். யூதர். ஹிட்லரின் வதைமுகாமில் குடும்பத்தையே பறிகொடுத்தவர். எலும்பும் தோலுமாக வெளியே வந்தவர், பதினோரே வருஷத்தில் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். இவர் கோட்டா கேட்டாரா? சலுகை கேட்டாரா? எங்க தாத்தாவைக் கொடுமைப்படுத்தினாங்கன்னு அழுதுக்கிட்டு உட்கார்ந்திருந்தாரா?" கைதட்டல். என் தம்பியும் தட்டினான். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

முதலில் கணக்கைச் சரிசெய்துவிடுகிறேன். ஹெல்ஃப்காட் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கவில்லை. எந்தப் பதக்கமும் வாங்கவில்லை. 1956 மெல்பர்ன், 1960 ரோம் இரண்டு ஒலிம்பிக்கிலும் பிரிட்டிஷ் பளுதூக்கும் அணியின் தலைவராகப் போனார். 1958-இல் கார்டிஃபில் நடந்த பேரரசு மற்றும் காமன்வெல்த் விளையாட்டில் வெண்கலம் வென்றார். பிரிட்டனின் லைட்வெயிட் சாம்பியனாக இருந்தார். 1950, 1953, 1957 மக்காபியா போட்டிகளில் தங்கம். குடும்பத்தை முழுதாகவும் இழக்கவில்லை. மாலா என்ற தங்கை பெர்கன்-பெல்சன் முகாமிலிருந்து உயிரோடு வந்தார். உண்மையே போதுமான அளவுக்குப் பெரியது. அதற்கு மேல் தங்கமுலாம் பூச வேண்டிய தேவை யாருக்கு இருக்கிறது? எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைச் சிறுமைப்படுத்த வேண்டியவருக்கு இருக்கிறது.

இனி அந்த 'சலுகை'க்கு வருவோம்.

ஹெல்ஃப்காட் 1929-இல் போலந்தில் பிறந்தவர். வளர்ந்தது பியோட்ர்குவ் என்ற ஊரில். நாஜிகள் போலந்தைப் பிடித்ததும் முதல் கெட்டோவை நிறுவியது அந்த ஊரில்தான், 1939 அக்டோபரில். ஒரு சாதியாரை ஊரின் ஒரு மூலைக்குள் அடைத்து, இதைத் தாண்டி வராதே என்று சொல்வதற்கு ஐரோப்பா வைத்திருந்த பெயர் கெட்டோ. நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. தீண்டப்படாதவர்களைப் பற்றி அம்பேத்கர் எழுதிய ஒரு நூலின் தலைப்பிலேயே அவர்களை 'இந்தியாவின் கெட்டோவின் பிள்ளைகள்' என்றார். இரண்டும் ஒன்றல்ல, இங்கே இருப்பது எரிவாயு அறையால் அல்ல, அன்றாட உழைப்பாலும் அவமானத்தாலும் ஓடுகிற ஏற்பாடு. ஆனாலும் பிறப்பைப் பார்த்து இருப்பிடத்தைத் தீர்மானிப்பது என்ற ஒரே வேர்தான் இரண்டுக்கும்.

பியோட்ர்குவ் கெட்டோவிலிருந்து 1942 அக்டோபரில் ஒரே வாரத்தில் 20,000-க்கும் மேற்பட்டோரை ரயிலேற்றி ட்ரெப்ளிங்காவுக்கு அனுப்பினார்கள். ட்ரெப்ளிங்கா வேலைவாங்கும் முகாம் அல்ல, கொல்வதற்கென்றே கட்டப்பட்ட இடம். பன்னிரண்டு வயதுப் பையன் பென் அந்த ரயிலில் ஏறாமல் போனதற்குக் காரணம் என்ன? தன்னம்பிக்கையா? ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் கூலியாக இருந்தான். தொழிற்சாலைக்கு ஆள் தேவைப்பட்டது. அவ்வளவுதான். அவனுடைய அம்மாவையும் எட்டு வயதுத் தங்கை லூசியாவையும் அதே ஆண்டு டிசம்பரில் ஊருக்கு வெளியே காட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். லூசியாவுக்குத் தன்னம்பிக்கை குறைவாக இருந்தது என்று அந்தப் பேச்சாளர் சொல்வாரா?

பிறகு புகென்வால்ட், ஷ்லீபென், கடைசியில் தெரேசியன்ஸ்டாட். போர் முடிய சில நாட்களே இருக்கும்போது, முகாம் மாற்றி நடத்திச் சென்ற வழியில் தப்ப முயன்ற அப்பாவையும் சுட்டுவிட்டார்கள். 1945 மே மாதம் விடுதலை. அப்போது பென்னுக்குப் பதினைந்து வயது. ஊருக்குத் திரும்பிப் போனார்கள் அவரும் உறவுக்காரப் பையன் ஒருவனும். வழியில் சீருடை போட்ட இரண்டு போலந்துக்காரர்கள் ஆளில்லாத இடத்துக்குக் கூட்டிப்போய்த் துப்பாக்கியை எடுத்தார்கள். ஜெர்மானியர்கள் அல்ல, ஹிட்லர் செத்துப்போயிருந்தான். பையன்கள் கெஞ்சியதில் ஒருவன் மனம் மாறி, சின்னப் பயல்கள் விட்டுவிடு என்றிருக்கிறான். சட்டம் மாறிவிட்டது, ஆட்சி போய்விட்டது, இனி என்ன குறை என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு சம்பவத்தை நான் சொல்வதுண்டு.

இதற்குப் பிறகுதான் நமது பேச்சாளர் தாவிக்குதித்துப் போன இடம் வருகிறது. முகாமுக்கும் ஒலிம்பிக் மேடைக்கும் நடுவில் ஒரு வழி இருந்தது. அதை யாரோ போட்டார்கள்.

1945 ஆகஸ்டில் முந்நூறு பிள்ளைகளை பிராக் நகரத்திலிருந்து குண்டுவீச்சு விமானங்களில் ஏற்றி இங்கிலாந்தின் வடக்கே விண்டர்மியர் ஏரிக்கரைக்குக் கொண்டுவந்தார்கள். அதில் பென்னும் ஒருவர். போர்க்காலத்தில் விமானத் தொழிற்சாலை ஊழியர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு அது. ஒவ்வொருவருக்கும் தனிக் கட்டில், வெள்ளை விரிப்பு. மருத்துவர், பல் மருத்துவர். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்கள். கால்பந்து, நீச்சல், மிதிவண்டி. முதல் நாள் உணவுக்கூடத்தில் ரொட்டியைக் கண்டதும் பிள்ளைகள் பாய்ந்து அள்ளிக்கொண்டு ஓடித் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்தார்கள். யாரும் திட்டவில்லை. நாளைக்கும் ரொட்டி வரும் என்று அவர்களுக்கு நம்பிக்கை வரும்வரை திரும்பத் திரும்ப ரொட்டியை வைத்துக்கொண்டே இருந்தார்கள்.

நான் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தவன். இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். முதல் வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை முட்டையைத் தின்னாமல் காகிதத்தில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்த பையன் எங்கள் அறையிலும் இருந்தான். இன்று அவன் ஒரு அரசுப் பள்ளியில் கணித ஆசிரியர்.

விண்டர்மியரோடு முடியவில்லை. அங்கிருந்து பிள்ளைகளைப் பல ஊர் விடுதிகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். லண்டனில் அவர்களுக்கென்று பிரிம்ரோஸ் கிளப் என்று ஒரு மன்றம் அமைத்தார்கள். அதை நடத்தியவர் யோகி மாயர், ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த உடற்பயிற்சி ஆசிரியர். இதற்கெல்லாம் பணம் பிரிட்டனின் யூதர்கள் திரட்டியது. அரசாங்கம் கதவைத் திறந்தது, கஜானாவைத் திறக்கவில்லை. தங்க அனுமதியும் தற்காலிகமாகத்தான் கொடுத்தது. ஆக, அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது உரிமை அல்ல, நன்கொடை. நமது விடுதியும் உதவித்தொகையும் இட ஒதுக்கீடும் நன்கொடை அல்ல, போராடி வாங்கிய உரிமை. இரண்டில் எதைச் 'சலுகை' என்று சொல்லலாம் என்று அந்த மேடைக்காரர் அகராதியைப் புரட்டிப் பார்க்கட்டும்.

1948-இல் ஒரு நாள் லண்டன் ஹாம்ஸ்டெட் ஹீத்தில் சிலர் பளு தூக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து, நானும் தூக்கிப் பார்க்கட்டுமா என்று கேட்டார் ஹெல்ஃப்காட். தூக்கினார். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். தன்னம்பிக்கை வியாபாரிகளுக்குப் பிடித்த காட்சி இதுதான். இங்கிருந்துதான் கதையைத் தொடங்குவார்கள். அதற்கு முன்னால் மூன்று வருஷம் அந்த உடம்புக்குள் போன ரொட்டியும் பாலும் யார் கணக்கில் இருக்கிறது? ஹெல்ஃப்காட்டின் மன உறுதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அப்படி ஒரு நெஞ்சுரம் எனக்கு இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் ஆயிரம் பேரிடம் அந்த உறுதி இருந்திருக்கும். உறுதியோடு ட்ரெப்ளிங்காவுக்குப் போனவர்களும் இருக்கிறார்கள்.

"இரும்புக்குச் சாதி தெரியாது சார், தூக்கினால் தூக்கினதுதான்" என்றார் பேச்சாளர். சரிதான், இரும்புக்குத் தெரியாது. இரும்பு இருக்கும் அறையின் சாவியை வைத்திருப்பவனுக்குத் தெரியும். 1936-இல் ஜெர்மனியின் கிரேட்டல் பெர்க்மன் உயரத் தாண்டுதலில் 1.60 மீட்டர் தாண்டித் தேசிய சாதனையைச் சமன் செய்தார். அமெரிக்கா பெர்லின் ஒலிம்பிக்கைப் புறக்கணித்துவிடக் கூடாது என்பதற்காக, யூதரான அவரைப் பயிற்சி அணியில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். அமெரிக்க அணி கப்பலேறியதும் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. உங்கள் ஆட்டத்திறன் அணியில் இடம்பெறப் போதுமானதாக இல்லை என்பதுதான் அதன் சாரம். போதாக்குறைக்கு நின்று பார்க்க இலவச டிக்கெட் வேறு. கவனியுங்கள்: 'நீ யூதப்பெண், அதனால் வராதே' என்று எழுதவில்லை. தகுதி இல்லை என்று எழுதினார்கள். தகுதி என்ற சொல் எவ்வளவு வசதியானது என்பதை நாஜிகளும் அறிந்திருந்தார்கள்.

அதே பெர்லினில் ஆஸ்திரியாவின் ராபர்ட் ஃபைன், ஒரு யூதர், லைட்வெயிட் பளுதூக்குதலில் 342.5 கிலோ தூக்கினார். எகிப்தின் அன்வர் மெஸ்பாவும் அதே 342.5 கிலோ. தங்கம் இருவருக்கும். யூதன் கோழை, உடம்பில் வலு இல்லாதவன், வட்டிக்கணக்குப் பார்க்கத்தான் லாயக்கு என்று நாஜிப் பத்திரிகைகள் படம் போட்டுக்கொண்டிருந்த ஊரிலேயே ஒரு யூதரும் ஒரு அரபியும் சேர்ந்து முதலிடம். நிரூபித்தாகிவிட்டது அல்லவா? 1938 மார்ச்சில் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது. ஃபைனின் வியன்னாவில் யூதர்களை மண்டிபோட வைத்துத் தெருவைத் தேய்க்கச் சொன்னார்கள். கூட்டம் கூடி நின்று சிரித்தது. 342.5 கிலோ எதையும் தடுக்கவில்லை.

பளுதூக்குதலின் முதல் உலகப் போட்டியே 1891-இல் லண்டனில் நடந்தது. வென்றவர் எட்வர்ட் லாரன்ஸ் லெவி, அவரும் யூதர்தான். ஆகவே 'யூதனுக்கு வலு இல்லை' என்ற பேச்சு இந்த விளையாட்டில் முதல் நாளே பொய்யாகிவிட்டது. பொய்யான பிறகும் ஐம்பது ஆண்டுகள் அது உயிரோடு இருந்தது. யூதத் தலைவர்களிலேயே சிலர் இந்த வலையில் விழுந்தார்கள். 1898-இல் மாக்ஸ் நோர்டாவ், யூதர்களுக்குத் தசை வேண்டும், உடம்பை முறுக்கேற்ற வேண்டும் என்று அறைகூவல் விடுத்தார். வெறுப்பவன் கையில் அளவுகோலைக் கொடுத்துவிட்டு அவன் முன்னால் மார்பை விரித்து நின்றால் அவன் திருப்தியடைவானா? அளவுகோலை மாற்றுவான்.

ஒரு வேடிக்கையைப் பாருங்கள். அவர்களிடம் 'உங்களுக்கு மூளை மட்டும்தான், உடம்பு கிடையாது' என்றார்கள். நம்மிடம் 'உங்களுக்கு உடம்பு மட்டும்தான், மூளை கிடையாது' என்கிறார்கள். தலையில் பிறந்தவன், காலில் பிறந்தவன், காலுக்கும் கீழே பிறந்தவன் என்று மனித உடம்பைக் கூறுபோட்ட அதே புத்திதான் இரண்டு இடத்திலும். என் அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்கியவர். அவர் எடை ஐம்பத்தைந்து கிலோ, மூட்டை எழுபத்தைந்து கிலோ. ஒரு நாளைக்கு நூறு மூட்டைக்குக் குறையாது. அவரை யாரும் பளுதூக்கும் வீரர் என்று சொன்னதில்லை. 'அந்தச் சாதிக்காரனுக்கு உடம்பு அப்படி' என்று சொல்லியிருக்கிறார்கள். திறமை என்று வந்தால் பதக்கம் கொடுக்க வேண்டியிருக்கும், இயல்பு என்று சொல்லிவிட்டால் கூலியோடு முடிந்துவிடும்.

இதை எழுதும்போது தோழர்கள் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. காஸாவில் குழந்தைகள் கொத்துக்கொத்தாகச் சாகும்போது உனக்கு யூதப் பளுதூக்கியா கேடு என்று. காஸாவில் நடப்பதற்கு எதிராக நான் தெருவில் நின்றிருக்கிறேன், இனியும் நிற்பேன். ஆனால் இஸ்ரேல் அரசின் குற்றத்துக்கு ஒரு பிறப்பையே கூண்டில் ஏற்றுகிற பேச்சு நமது பக்கத்திலும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. பிறப்பை வைத்து மனிதனை எடைபோடுவதை எதிர்ப்பதற்காகவே இயக்கம் கட்டியவர்கள் நாம். ஹிட்லர் சரியாகத்தான் செய்தான் என்று ஒரு தோழர் முகநூலில் எழுதினால் அதற்கு 'லைக்' போடுகிற விரல், வெண்மணியைப் பற்றிப் பேச அருகதையற்றது. அந்த விரலை முதலில் நான் கேள்வி கேட்பேன்.

பேச்சாளர் இன்னொன்றும் சொன்னார். ஹெல்ஃப்காட் யாரையும் வெறுக்கவில்லையாம். ஆகவே நீங்களும் பழசை மறந்துவிடுங்கள் என்றார். முதல் பாதி உண்மை. அவர் வன்மம் பாராட்டவில்லை. போலந்துக்காரர்களுக்கும் யூதர்களுக்கும் இடையே உறவைச் சீராக்க உழைத்தார். ஆனால் மறக்கவில்லை, ஒருநாளும் மறக்கவில்லை. 1963-இல் உடன் வந்த பிள்ளைகளோடு சேர்ந்து '45 எய்ட் சொசைட்டி' என்ற அமைப்பைத் தொடங்கி, பல பத்தாண்டுகள் அதன் தலைவராக இருந்தார். துணி வியாபாரத்தில் ஈட்டியதற்குப் பிறகான வாழ்நாளை நடந்ததை நினைவில் நிறுத்துவதற்கே செலவழித்தார். 2018-இல் அவருக்கு 'சர்' பட்டம் கொடுத்தது பளு தூக்கியதற்காக அல்ல, மறக்க விடாமல் செய்ததற்காக. 2023-இல், 93 வயதில் இறக்கும்வரை அதைச் செய்தார். குற்றத்தைக் குற்றம் என்று நீதிமன்றமும் பாடப்புத்தகமும் ஒப்புக்கொண்ட நாட்டில் மன்னிப்பைப் பற்றிப் பேசலாம். 44 பேர் எரிந்த வழக்கில் பண்ணையார்கள் உயர்நீதிமன்றத்தில் விடுதலையான மண்ணில் நின்றுகொண்டு, யார் யாரை மன்னிக்கச் சொல்கிறார்கள்?

கார்டிஃப் என்றதும் ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. ஹெல்ஃப்காட் வெண்கலம் வென்ற அதே 1958 போட்டியில்தான் மில்கா சிங் 440 கஜ ஓட்டத்தில் தங்கம் வென்றார். அவரும் பிரிவினைக் கலவரத்தில் பெற்றோர் வெட்டிக் கொல்லப்பட்டு, அகதியாக டெல்லிக்கு வந்த பையன். அவரை ஓட வைத்தது எது? ராணுவம். ஓடினால் மற்ற வேலைகளிலிருந்து விலக்கும் கூடுதலாக ஒரு டம்ளர் பாலும் கிடைத்தன. அவரே சொன்ன கதைதான். மில்காவின் அந்தப் பாலை யாரும் சலுகை என்று இதுவரை சொல்லக் கேட்டதில்லை. எங்கள் விடுதி முட்டையைச் சொல்கிறார்கள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவன் அமைதியாகக் கேட்டுவிட்டு, "அந்த முந்நூறு பேர் மட்டும்தான் வந்தாங்களாண்ணா?" என்றான்.

இல்லை. அடுத்தடுத்த குழுக்களாக இன்னும் வந்தார்கள். பதினாறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் பிள்ளைகளைக் கூட்டிவரலாம் என்று பிரிட்டிஷ் அரசு அனுமதி கொடுத்திருந்தது. வயதைக் குறைத்துச் சொல்லிச் சேர்ந்தவர்களையும் கணக்கில் எடுத்தே 732 பேர்தான் வந்தார்கள். இங்கே நமது பணியிடங்கள் வருஷக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடக்கும்போது, 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று கோப்பில் எழுதுகிறார்கள் அல்லவா? அங்கேயும் 268 இடங்கள் காலியாகக் கிடந்தன. அந்த வயதில் உயிரோடு பிள்ளைகள் கிடைக்கவில்லை.